ஜவ்வாது மலைக் காட்டுக்கு யார் பொறுப்பு: மலைக்காரர்களா, வனத்துறையா?

பாலாற்றான் (சத்துவாச்சாரி)

நாலு பேர் அடிக்க வருவார்கள் என்று தெரிந்தேதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ரேப்பிட் சிட்டி என்ற ஊரில் உலக வனாந்தர மாநாடு நடந்தது. பன்னிரண்டாவது மாநாடு. நடந்த இடம் லக்கோட்டா பூர்வகுடி மக்கள் புனிதமாகக் கருதும் பிளாக் ஹில்ஸ் மலையின் அடிவாரம். 1868 லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் இந்த மலை உங்களுக்கே என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தங்கம் கிடைத்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். 1980ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டது. ஆனால் அவர்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. பணம் எதற்கு, மலையைக் கொடு என்கிறார்கள்.

இந்த மாநாட்டுக்கே ஒரு கதை இருக்கிறது. முதல் மாநாடு 1977ல் ஜோகன்னஸ்பர்க்கில். நடத்தியவர் இயன் பிளேயர், தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்டவர்களில் முக்கியமானவர். அவருக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவர் மகூபு இன்டொம்பேலா என்ற ஜூலு இனக் காவலர். பிளேயரே அவரைத் தன் குரு என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் பூர்வகுடிகளுக்கென்று மாநாட்டுக்குள் தனியாக ஓர் அவை அமைந்தது 2005ல், அலாஸ்காவில்தான்.

இங்கே நம் பக்கத்தில் அமிர்தி, ஒடுகத்தூர், ஆலங்காயம், ஜமுனாமரத்தூர் என்று சுற்றி ஜவ்வாது மலை இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். உலகப் பல்லுயிரில் 80 சதவீதம் பழங்குடிகளின் நிலத்தில்தான் இருக்கிறது என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அப்படியானால் ஜவ்வாது மலைக் காட்டின் நிர்வாகத்தை அந்த மக்களிடமே கொடுத்தால் என்ன?

மாஜி ரேஞ்சர்

தம்பி, டகோட்டா எல்லாம் இருக்கட்டும். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு எப்படி நிரம்பி வழிந்தது என்று பார்த்தவன் நான். அந்த மலையில் கை தடிமனுக்கு ஒரு சந்தன மரம் இன்று காட்டுங்கள். வெட்டியது யார்? மலைக்காரர்கள்தான் வெட்டினார்கள், மலைக்காரர்கள்தான் சுமந்தார்கள். ராத்திரி ரோந்து போய்க் கல்லடி வாங்கியிருக்கிறேன். சந்தனம் தீர்ந்ததும் ஆந்திரா பக்கம் செம்மரத்துக்குப் போனார்கள். குறை சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். காட்டை அவர்களிடம் கொடுத்தால் அடுத்த நாள் வாசலில் புரோக்கர் நிற்பான்.

நெல்லிவாசல் வேலு

நான் அந்த மலைக்காரன்தான். இப்போது காட்பாடியில் வேலை, வீடு மலையில்.

ரேஞ்சர் ஐயா, மரத்தை வெட்டியவன் கையில் எவ்வளவு நின்றது, கிடங்கு தாண்டி எண்ணெய் ஆலைக்குப் போனபோது யார் கையில் எவ்வளவு நின்றது, அதையும் பார்த்திருப்பீர்களே? 1882 மதராஸ் வனச் சட்டம் வந்து காட்டைக் காப்புக்காடு ஆக்கியது. சந்தன மரம் சர்க்கார் சொத்து, என் கொல்லையில் முளைத்தாலும் எனக்கில்லை என்றார்கள். தன்னுடையது இல்லாத மரத்தை யார் காவல் காப்பார்கள்? முளைத்தவுடன் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பின்னால் வம்பு வரும் என்ற பயம்தான்.

சந்தனம் என்று நீங்கள் சொன்னால் எனக்கு வாச்சாத்தி ஞாபகம் வருகிறது. 1992 ஜூன் 20. சித்தேரி மலை அடிவாரம், எங்கள் மலையாளி சனம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்தவர்கள் ஊரை அடித்து நொறுக்கி, பெண்களை வன்கொடுமை செய்ததற்கு 2011ல் வனம், காவல், வருவாய் மூன்று துறையிலும் சேர்த்து 215 பேரைக் குற்றவாளி என்றது நீதிமன்றம். 2023ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று 20 பேரைச் சுட்டார்களே, அதில் ஜவ்வாது மலைக்காரர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்து பஸ் ஏற்றிவிட்ட புரோக்கர் ஒருவனாவது சுடப்பட்டானா?

திருட்டு நடந்தது உண்மை. நடந்ததெல்லாம் யாருடைய நிர்வாகத்தில்? எங்கள் நிர்வாகத்தில் இல்லையே.

ஆம்பூர் பாய்

வேலு சொன்னது சரியான கேள்வி. நான் தோல் தொழில் குடும்பம். எங்கள் ஊர் வழியாகப் போகிற பாலாற்றை மலைக்காரரா கெடுத்தார்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்று சொன்னது. இன்று நாடு முழுக்க சட்டக் கல்லூரியில் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் பாடம் நடத்துகிறார்கள். படித்தவன், பட்டணத்தான், ஏற்றுமதிக்காரன் எல்லாரும் கூடியிருந்தும் ஒரு ஆற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மலைக்காரர்களுக்கு மட்டும் தகுதித் தேர்வு வைக்கிறோம்.

தரவு தாத்தா

பாலாற்றான், அந்த 80 சதவீதத்தை விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழிலேயே ஒரு கட்டுரை வந்தது. அந்த எண்ணுக்கு மூலம் தேடிப் போனவர்கள், ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பூர்வகுடி ஆய்வாளர்களும் உண்டு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று அறிக்கைகள் நகலெடுத்ததுதான்.

உறுதியான கணக்கு வேண்டுமென்றால் 2018 ஆய்வு இருக்கிறது. 87 நாடுகளில், குறைந்தது 3 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் பூர்வகுடிகளுக்கு உரிமையோ நிர்வாகமோ இருக்கிறது. பூமியின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 40 சதவீதம் அந்த நிலத்தோடு ஒட்டியோ உள்ளடங்கியோ வருகிறது. இதுவே போதாதா? ஊதிப் பெருக்கிய எண்ணை நம்பி வாதம் செய்தால், எதிராளி அந்த ஒரு எண்ணை உடைத்துவிட்டு மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுவான்.

கேள்விக்குறி

ஒரு சந்தேகம், கோபப்பட வேண்டாம். மலையாளிகளே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் கதை சொல்கிறார்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று. அப்படியானால் பூர்வகுடி என்பது எப்படி?

நெல்லிவாசல் வேலு

கோபம் எதற்கு. என் பாட்டியும் காஞ்சிக் கதை சொல்லியிருக்கிறார். பழங்குடிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மலையாளி என்று போட்டு அடைப்புக்குள் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி மாவட்டங்கள் என்று இருக்கும். வட ஆற்காடு என்ற மாவட்டமே இப்போது இல்லை. பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 1989ல் பிரித்தார்கள், 2019ல் வேலூரை மறுபடி மூன்றாக்கினார்கள். ஒரே மலைக்கு இன்று மூன்று கலெக்டர். பீஞ்சமந்தைக்காரர் வேலூருக்கு, புதூர்நாட்டுக்காரர் திருப்பத்தூருக்கு, ஜமுனாமரத்தூர்க்காரர் திருவண்ணாமலைக்கு இறங்க வேண்டும். பெண் கொடுத்து எடுத்தவர்கள், ஒரே தேர் இழுக்கிறவர்கள், மூன்று மாவட்டம்.

யார் முதலில் வந்தார் என்று பார்த்தால் கீழ்சேப்பிளியில் பழங்கால ஈமச் சின்னமான கற்திட்டைகள் இருக்கின்றன, எங்கள் சனம் அதை வாலியர் வீடு என்று சொல்லும். எங்களுக்கு முன்னால் யாரோ இருந்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

அணைக்கட்டு செல்வி

சட்டப்படியும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 2006 வன உரிமைச் சட்டம் எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. பட்டியல் பழங்குடியாக இருந்து, 2005 டிசம்பர் 13க்கு முன்பு அந்தக் காட்டில் வாழ்ந்து, அதை நம்பிப் பிழைத்தால் போதும். பழங்குடி அல்லாதவர் என்றால்தான் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும்.

நான் வேலூரில் வக்கீல். இங்கே எல்லோரும் 'கொடுத்தால் என்ன' என்று பேசுகிறீர்கள். 3(1) பிரிவில் 'ஐ' உட்பிரிவைப் படியுங்கள். தாங்கள் வழக்கமாகக் காத்து வந்த சமூக வன வளத்தைக் காக்க, மீட்க, பராமரிக்க, நிர்வகிக்க கிராம சபைக்கு உரிமை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறது. சர்க்கார் புதிதாகக் கொடுக்கும் பரிசு இல்லை, ஏற்கெனவே இருந்ததை ஒப்புக்கொள்வது. சட்டத்தின் முகப்புரையே பழங்குடிகளுக்கு இழைத்த 'வரலாற்று அநீதி' என்று பேசுகிறது.

தமிழ்நாட்டில் மட்டும் 2008ல் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் பட்டா கொடுப்பது நின்று, 2016ல்தான் வழி திறந்தது. அந்த எட்டு வருடத்தில் மகாராஷ்டிரா எங்கேயோ போய்விட்டது. கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேக்கா என்று ஒரு கோண்டு கிராமம். 2009ல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை வாங்கியது. 2011ல் மூங்கில் வெட்டி விற்கிற அனுமதிச் சீட்டையும் கிராம சபையே போடும் என்று மத்திய அமைச்சர் நேரில் வந்து புத்தகத்தைக் கொடுத்தார். அதுவரை மூங்கில் மரமா புல்லா என்று வனத்துறை வாதாடிக்கொண்டிருந்தது, நம்ப முடிகிறதா?

மாஜி ரேஞ்சர்

அம்மா, சட்டம் எனக்கும் தெரியும். மேந்தா லேக்காவில் மூங்கில் இருக்கிறது, பணம் வருகிறது, காவல் காப்பார்கள். ஜவ்வாதில் என்ன இருக்கிறது? கொஞ்சம் தேன், கடுக்காய், நெல்லி, புளி. தீ வைத்தால் யார் அணைப்பது? ஒவ்வொரு மாசி பங்குனியிலும் புல் தளிர்க்க வேண்டும், ஆடு மேய வேண்டும் என்று கொளுத்தி விடுகிறார்கள். அதை ஒழித்தாலே பாதிக் காடு பிழைக்கும்.

நெல்லிவாசல் வேலு

தீ பற்றிப் பேசலாம் ஐயா, உங்களுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்.

பிலிகிரிரங்கன் மலை இங்கிருந்து ரொம்ப தூரமில்லை, சாம்ராஜ்நகர் பக்கம். சோளகர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். சத்தியமங்கலத்திலும் அதே சனம்தான். தை மாத வாக்கில் சருகு லேசாகக் காய்ந்ததும், பனி ஈரம் தரையில் இருக்கும்போதே, முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத சின்னத் தீயாக வைப்பார்கள். சருகு மட்டும் போகும், மரம் கருகாது. எழுபதுகளில் காடு சரணாலயமானதும் அதைத் தடுத்தார்கள். சருகு சேர்ந்தது, உண்ணிச்செடி புதர் புதராக ஏறியது, பிறகு சித்திரை வெயிலில் யாராவது ஒரு பீடியைப் போட்டால் மரத்தின் உச்சி வரை எரிகிறது. இன்னொன்றும் சோளகர்கள் சொல்கிறார்கள். நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறிவிட்டது, சின்னத் தீ அதை அடக்கி வைத்திருந்தது என்று. ஆய்வாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் மலை நெல்லியிலும் புல்லுருவி பிடித்துக் கிளை காய்வதை நான் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் காலத்தில் பார்த்த தீ வேறு. பங்குனியில் வைக்கிற தீ யாரும் கேள்வி கேட்காத தீ. எங்கள் ஊரில் முன்பு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் சொல்லாமல் யாரும் வைக்கக் கூடாது. நெல்லி உலுக்குவதற்கும் அதே கட்டுப்பாடு. காய் பால் பிடித்து முற்றுவதற்கு முன் கோல் போட்டால் அபராதம், கோயிலில் எண்ணெய் ஊற்ற வேண்டும். பிற்பாடு சேகரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவருக்கு ஒரு வருடம்தான், அடுத்த வருடம் மரம் இருந்தால் என்ன போனால் என்ன? கிளையோடு ஒடித்துக்கொண்டு வா, எடைக்குக் காசு என்றார்கள். ஊர்க்கவுண்டர் சொல் எடுபடவில்லை. இப்போது அந்த மனிதரைக் கேட்டால் சிரிக்கிறார்.

தரவு தாத்தா

வேலு சொன்ன சின்னத் தீயை ஆஸ்திரேலியாவில் காசாகவே ஆக்கியிருக்கிறார்கள். மேற்கு ஆர்ன்ஹெம் நிலம் என்ற வட பகுதியில் பூர்வகுடி ரேஞ்சர்கள் வறட்சி தொடங்கும்போதே பரவலாக, திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். அதனால் பின்கோடையில் வரும் பெருந்தீ குறைகிறது, புகையும் குறைகிறது. குறைந்த புகைக்கு டார்வினில் இயற்கை எரிவாயு ஆலை வைத்திருக்கும் நிறுவனம் 2006லிருந்து பணம் கொடுத்தது. அந்த நாட்டில் 1998லிருந்தே பூர்வகுடி பாதுகாப்புப் பகுதி என்று ஒரு வகை உண்டு. நிலத்துக்காரர்களே அறிவிப்பார்கள், சர்க்கார் நிதி கொடுக்கும்.

சோளகர் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலை 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகமானது. அதே வருடம் அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மனிதன் இருந்தால் புலி போய்விடும் என்றவர்கள் வாயடைக்கும்படி, அடுத்த சில ஆண்டுக் கணக்கெடுப்பில் புலி எண்ணிக்கை 35லிருந்து 68 ஆனது.

மாஜி ரேஞ்சர்

புலி கூடியதற்கு ரோந்து கூடியதும் காரணமாக இருக்கலாமே? உரிமை கொடுத்ததால்தான் கூடியது என்று எப்படிச் சொல்வீர்கள்?

தரவு தாத்தா

சொல்லவில்லை. உரிமை கொடுத்தும் குறையவில்லை என்று மட்டும் சொல்கிறேன். துரத்துவதற்குச் சொன்ன காரணம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

குடியாத்தம் மாந்தோப்பு

நீங்கள் பேசுங்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லையில் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கினால் என் மா மரம், வாழை, தண்ணீர்க் குழாய் எல்லாம் போகிறது. மலைக்காரர் கிராம சபை கூடிக் காட்டை நிர்வகிக்கும், சரி. அடிவாரத்தில் இருக்கிற நான் எந்தச் சபையில் உட்கார்ந்து கேட்பது? காடு அவர்களுக்கு, யானை எனக்கா?

ஆம்பூர் பாய்

அண்ணன் கேட்டது நியாயம். பதில் சொல்லாமல் தாண்டிப் போகாதீர்கள் யாரும்.

அணைக்கட்டு செல்வி

தாண்டவில்லை. கிராம சபை என்பது அந்த ஊரின் காட்டுக்கு மட்டும். உங்கள் பயிர் இழப்பீடு வனத்துறையின் பொறுப்பிலிருந்து எங்கும் போய்விடாது. ஆனால் அடிவாரத்து விவசாயிக்கும் மலைச் சபைக்கும் நடுவே பேச ஓர் இடம் சட்டத்தில் தெளிவாக இல்லை, உண்மைதான்.

பாலாற்றான்

சட்டம், தீ, புலி எல்லாம் வந்துவிட்டது. நிர்வாகத்தை அந்த மக்களிடமே கொடுப்பது என்று நான் கேட்டதற்கு, நான் படித்ததில் எனக்குப் பிடித்தது கனடாக் கதை. கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கையில் லுட்செல் கே என்ற டெனே பூர்வகுடி ஊர். சில நூறு பேர்தான். 1970 வாக்கில் மத்திய அரசு வந்து இங்கே தேசியப் பூங்கா அமைக்கிறோம் என்றது. வேட்டையும் மீன்பிடிப்பும் போய்விடும் என்று தலைவர் மறுத்துவிட்டார். பிறகு அந்தப் பகுதியில் வைரச் சுரங்கம் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்போது ஊரே உட்கார்ந்து யோசித்து, பூங்கா வரட்டும், ஆனால் எங்கள் நிபந்தனையில் என்று போனார்கள். 2019ல் தைடேனே நேனே என்ற பெயரில் கையெழுத்தானது. 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வேட்டை, மீன்பிடி உரிமை அப்படியே. நிர்வாகக் குழுவில் பாதி அவர்கள். காவலர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். செலவுக்கு 3 கோடி கனடிய டாலர் அறக்கட்டளை நிதி, பாதி நன்கொடை, பாதி அரசு.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். முதல் தடவை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இருந்ததால்தான் இரண்டாம் தடவை சரி என்று சொல்ல முடிந்தது. நம் மலையில் கூட்டு வன மேலாண்மை என்று 1997ல் ஜப்பான் நிதியில் கிராம வனக் குழுக்கள் அமைத்தார்கள். குழுவுக்குச் செயலர் வனத்துறை அலுவலர். கணக்குப் புத்தகம் அவரிடம். இதற்குப் பெயர் பங்கேற்பு என்றார்கள். திட்டம் முடிந்ததும் குழுவும் முடிந்தது.

கேள்விக்குறி

எல்லாம் சுபமாக முடிவதில்லையே. நியூசிலாந்தில் தே உரேவேரா தேசியப் பூங்காவை 2014ல் தூக்கிவிட்டு, காட்டுக்கே சட்ட ஆளுமை கொடுத்து, தூஹோய் என்ற மாவோரி மக்களைப் பெரும்பான்மையாக வைத்துக் குழு போட்டார்கள். உலகமே கைதட்டியது. 2022ல் அந்த நிர்வாகம் பழைய மலையேற்றக் குடில்களை எரித்து அகற்ற ஆரம்பித்ததும் கோர்ட்டுக்குப் போய்விட்டது விஷயம். அவர்களில் ஒருவரே வழக்குப் போட்டார்.

நெல்லிவாசல் வேலு

போடட்டுமே. எங்கள் ஆட்களுக்குள் சண்டை வராது என்று யார் சொன்னது? கலெக்டர் ஆபீஸில் கோப்பு தூங்கினால் நிர்வாகம் என்ற முறையே தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பழங்குடி ஒரு தப்பு செய்தால் மட்டும் 'அதுதான் சொன்னோமே' என்கிறார்கள். சாமியார் மாதிரி இருந்தால்தான் உரிமை என்றால் அந்த உரிமை எனக்கு வேண்டாம்.

ஆற்காடு கிச்சிலி

ஜவ்வாது பற்றியே பேசுகிறீர்கள். சமவெளி இருளர்களை யாரும் நினைக்கவில்லை. எங்கள் ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை. அவர்கள் ஏரியும் புதரும் ரியல் எஸ்டேட் ஆகிவிட்டது, உரிமை கேட்கக் காடே இல்லை.

அதே இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். 2017ல் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகி முயல், ரக்கூன் எல்லாம் காலி. அமெரிக்கர்கள் நாய், டிரோன் என்று தேடிக் களைத்த இடத்தில் இவர்கள் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தக் கலையைக் காப்பாற்றியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது பட்டினி கிடந்தவர்கள், அதே பாம்பிலிருந்து விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுவார்கள்.

அப்படிச் செய்த மருந்து அல்லேரி மலைக்கு ஏறவில்லை. 2023 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா?

அணைக்கட்டு செல்வி

எப்படி மறக்கும், எங்கள் தாலுகா. ஒன்றரை வயதுக் குழந்தை, பாம்புக்கடி, ரோடு இல்லை, மலையிறங்கி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் உடலைக் கையில் சுமந்து மலையேறினாள்.

அப்போது எல்லோரும் வனத்துறை அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்றுதான் பேசினார்கள். அதே வன உரிமைச் சட்டம், 3(2) பிரிவு. ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர் என்று 13 வகை வசதிக்கு, ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் போகாமல், கிராம சபை பரிந்துரைத்தால் டெல்லிக்குப் போகாமலேயே காட்டு நிலம் கொடுக்கலாம். நீளமான மலைச்சாலைக்கு ஒரு ஹெக்டேர் பத்தாது, சிக்கல் உண்டுதான். ஆனால் சபை கூடித் தீர்மானம் போட்டு முதல் அடி வைக்கலாம் என்பதே பல ஊருக்குத் தெரியாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லி 12 கிராம சபை கூடியது. டோங்ரியா கோண்டு மக்கள் பன்னிரண்டிலும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றார்கள், சுரங்கம் நின்றது. அதே சபைதான், அதே சட்டம்தான். மலைக்காரர் ரோடு கேட்டால் காட்டுக்கு எதிரி, ரோடு கேட்காவிட்டால் காட்டின் காவலர் என்று நாம் வகைப்படுத்தக் கூடாது. எங்கே ரோடு போகலாம், எந்தச் சரிவைத் தொடக் கூடாது என்று அவர்களே சொல்லட்டும்.

மட்டுறுத்துநர்

யானை இழப்பீடு பற்றிய எட்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மாந்தோப்பு அண்ணன் அங்கே தொடரவும்.

நெல்லிவாசல் வேலு

செல்வி அக்கா, நேராகவே கேட்கிறேன். எங்கள் ஊரில் தனிநபர் பட்டாவுக்கு மனு போட்டவர்கள் இருக்கிறார்கள். சமூக வன வளம் என்று ஒரு மனு கூடப் போகவில்லை. என்ன படிவம், யார் கையெழுத்து?

அணைக்கட்டு செல்வி

தம்பி, மூன்று படிவம் உண்டு. முதலாவது தனிநபர், இரண்டாவது தேன், கடுக்காய், மேய்ச்சல் போன்ற சமூக உரிமை, மூன்றாவது சமூக வன வளம். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. 2012 திருத்த விதியில் வந்தது. சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊராட்சி முழுக்க ஒரே சபை என்று கூட்டினால் இருபது குக்கிராமம் ஒரே மண்டபத்தில் நிற்கும், எதுவும் நடக்காது. குடியிருப்பு வாரியாகக் கூட்டுங்கள், அதற்கு வழி இருக்கிறது. குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். பெரியவர்கள் வாக்குமூலம், கோயில், சுடுகாடு, பழைய கிணறு எல்லாமே ஆதாரம். அரசுப் பதிவேடும் செல்லும். 1881ல் காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஜவ்வாது மலை வருகிறது, நகல் எடுத்து இணையுங்கள். வன வரைபடம், வாக்காளர் பட்டியல் எல்லாம் கோட்ட அளவிலான குழு சபைக்குக் கொடுத்தாக வேண்டும், விதி 6. கேட்டு எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மாஜி ரேஞ்சர்

வரைபடம் கொடுப்பார்கள், ஆனால் அதில் ஊர் எல்லை இருக்காது, காப்புக்காட்டு எல்லைக் கற்குவியல் நம்பர்தான் இருக்கும். பாதிக் குவியல் சரிந்து புதருக்குள் கிடக்கிறது. நம்பர் தெரிந்த வாட்சர்கள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். வேலு, உங்கள் ஊர் எந்த வனக்காவல் பீட்டில் வருகிறது என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆலங்காயம் பக்கமென்றால் எனக்குப் பாதி வழி ஞாபகம் இருக்கிறது. சந்தனம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

நெல்லிவாசல் வேலு

அனுப்பிவிட்டேன் ஐயா. வரும்போது ஒடுகத்தூர் வழி வேண்டாம், ஆலங்காயம் வழி வாருங்கள். தை பிறந்த பிறகு வந்தால் நல்லது, அதற்கு முன் சாமை அறுப்பு, கூட்டத்துக்கு ஆள் சேராது.